பிள்ளை கையில் துப்பாக்கி: பக்கத்தில் பெரியவர் நின்றால் போதுமா?

காட்டுப்பன்றித் தொல்லை இல்லாத தோட்டம் யோங் பெங் வட்டாரத்தில் ஏது? சாஆ பக்கம் போனாலும் சரி, லாபிஸ், பாலோ, ஆயர் ஹீத்தாம் பக்கம் போனாலும் சரி, செம்பனை நிற்கும் இடமெல்லாம் பன்றியும் நிற்கிறது. மறுநடவு செய்த இளங்கன்றின் குருத்தைக் கிளறித் தின்றுவிட்டுப் போகிறது. லயத்துக்குப் பின்னால் நாம் போட்ட மரவள்ளிப் பாத்தியை ஒரே இரவில் உழுது போட்டுவிடுகிறது. ஆகவே, ராத்திரி வேளையில் காட்டுப் பக்கமிருந்து வெடிச்சத்தம் கேட்டால் நமக்கு அது புதிதல்ல. "யாரோ பன்னி சுடுறாங்க" என்று சொல்லிவிட்டுப் புரண்டு படுக்கிறோம்.

லைசென்ஸ் உள்ளவர், முறைப்படி அனுமதி வாங்கிப் பன்றி சுடுவதில் நமக்கு ஆட்சேபம் இல்லை. நம் கவலை வேறு. வேட்டைக்குப் போகும் பெரியவர் பின்னால் பையனும் போகிறானே, அதுதான் கவலை. முதலில் டார்ச் பிடிக்கப் போகிறான். அடுத்து நாயைப் பிடிக்க, புதரைத் தட்ட, விழுந்த பன்றியைத் தூக்கப் போகிறான். கூலி என்று ஒன்றுமில்லை. வீட்டுக்குக் கொஞ்சம் கறி கிடைக்கும், அவ்வளவுதான். ஒருநாள், "இதைக் கொஞ்சம் பிடிடா, பாரிட்டைத் தாண்டிக்கிறேன்" என்று துப்பாக்கி கை மாறுகிறது. இன்னொரு நாள், "ஒரே ஒரு வெடி வெச்சுப் பாரு" என்கிறார்கள். பையனுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "சின்னப் பையன் கையில குடுக்கலாமாண்ணே?" என்று யாராவது கேட்டால் உடனே பதில் வருகிறது: "நாந்தான் பக்கத்திலேயே நிக்கிறேனே, என்ன ஆயிடப் போவுது?"

இந்த ஒரு பதில் சரிதானா? பெரியவர் பக்கத்தில் நின்றால் பிள்ளை துப்பாக்கி பிடிக்கலாமா? சட்டம் இதற்கு என்ன சொல்கிறது? ஏதாவது ஆகிவிட்டால் யார் கூண்டில் நிற்பது? இவ்வார்த்தையை நம் தோட்டத்துப் பெற்றோர் பலரும் நம்பிக்கொண்டிருப்பதால், இதைக் கொஞ்சம் விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது.

சீமையில் ஒரு விதி உண்டு

முதலில், இந்த எண்ணம் ஆகாயத்திலிருந்து குதித்ததல்ல. இங்கிலாந்து நாட்டில் 1968ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் இருக்கிறது. 15 வயது நிரம்பாத பிள்ளை, பூட்டி முடித்த வேட்டைத் துப்பாக்கியைக் கையில் வைத்திருக்கக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். அதற்கு இரண்டு விலக்குகள் மட்டுமே. ஒன்று, 21 வயதோ அதற்கு மேலோ ஆன ஒருவரின் மேற்பார்வையில் இருக்க வேண்டும். இன்னொன்று, துப்பாக்கி உறைக்குள் வைத்து, சுட முடியாதபடி நன்றாகக் கட்டப்பட்டிருக்க வேண்டும். ஆகவே, "பெரியவர் பக்கத்தில் இருந்தால் சரி" என்பது அந்த நாட்டுக்கு ஓரளவு பொருந்தும்.

அந்தக் காலத்தில் நம் தோட்டங்களை ஆண்ட வெள்ளைக்காரத் துரைமார்கள் அந்த நாட்டுப் பழக்கத்தில் வளர்ந்தவர்கள். துரை பங்களாச் சுவரில் துப்பாக்கி தொங்கும். துரை மகன் பத்து வயதிலேயே புறா சுடுவான். அதைப் பார்த்த நம்மவர்களுக்கும், "பெரியவங்க கத்துக் குடுத்தா தப்பில்ல" என்ற எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கலாம். ஆனால் துரையும் போனார், அவர் நாட்டு வழக்கமும் போனது. இன்று நாம் வாழ்வது மலேசியச் சட்டத்தின் கீழே.

நம் சட்டம் கேட்கும் கேள்வியே வேறு

நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் நடப்பில் உள்ளது. அந்தச் சட்டம், "பக்கத்தில் யார் நின்றார்?" என்று ஆரம்பிப்பதில்லை. "லைசென்ஸ் யார் பேரில் இருக்கிறது?" என்றுதான் ஆரம்பிக்கிறது. லைசென்ஸோ பெர்மிட்டோ இல்லாத ஒருவர், துப்பாக்கியையோ தோட்டாவையோ தம் உடைமையாக வைத்திருக்கவும் கூடாது, தம் காவலில் வைத்திருக்கவும் கூடாது, தம் பிடியில் வைத்திருக்கவும் கூடாது. இந்த மூன்று வார்த்தைகளையும் நன்றாகக் கவனிக்க வேண்டும். "துப்பாக்கி என்னோடது இல்லைங்க, சும்மா தூக்கிக்கிட்டு வந்தேன்" என்றால் உடைமை இல்லை என்று ஆகலாம். ஆனால் காவலும் பிடியும் இருந்துவிட்டதே!

இந்தக் குற்றத்துக்கு ஆயுதச் சட்டத்தில் 7 ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். இதற்கும் மேலே 1971ஆம் ஆண்டில் கடுந்தண்டனைச் சட்டம் ஒன்று வந்தது. அதன்படி துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறையும் குறைந்தது 6 பிரம்படியும் உண்டு. எந்தச் சட்டத்தின் கீழ் குற்றம் சாட்டுவது என்பதை முடிவு செய்வது அரசாங்கத் தரப்பு. நாமல்ல.

லைசென்ஸ் என்பது நிலத்துக் கிராண்ட் மாதிரி குடும்பச் சொத்தல்ல. அது ஒரு மனிதருக்குத் தரப்படும் அனுமதி. போலீசார் அவருடைய நடத்தையை விசாரித்து, காரணத்தைக் கேட்டு, இன்ன துப்பாக்கி என்று குறித்துத் தருகிறார்கள். தகப்பன் பேரில் உள்ள லைசென்ஸ் மகனுக்கு ஆகாது. அண்ணன் பேரில் உள்ளது தம்பிக்கு ஆகாது. லைசென்ஸ்காரர் காலமாகிவிட்டால், "அப்பாவோட ஞாபகமா இருக்கட்டும்" என்று துப்பாக்கியை பீரோவில் வைத்துக்கொள்ளவும் முடியாது. போலீசிடம் தெரிவித்து ஒப்படைக்க வேண்டும். பன்றி சுட பெர்ஹிலித்தான் இலாகாவின் லைசென்ஸ் வேறு தேவை. துப்பாக்கிக்கு ஒன்று, வேட்டைக்கு ஒன்று.

அப்படியென்றால் இளைஞர்கள் துப்பாக்கி சுடவே கூடாதா? விளையாட்டுப் போட்டிக்குப் பயிற்சி எடுக்கும் இளைஞர்கள் இருக்கிறார்கள். ஆனால் அது அனுமதி பெற்ற சங்கத்தில், அனுமதி பெற்ற களத்தில், பயிற்சியாளரின் பொறுப்பில் நடப்பது. துப்பாக்கியும் தோட்டாவும் கணக்கோடு வெளியே வந்து கணக்கோடு உள்ளே போகும். அந்தப் பயிற்சிக் களத்தையும், ராத்திரி பத்து மணிக்குச் செம்பனைக் காட்டில் பாரிட் ஓரமாக நடக்கும் வேட்டையையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? இந்தியாவிலும் 21 வயது நிரம்பாதவருக்குத் துப்பாக்கி கூடாது என்பதுதான் பொது விதி. பயிற்சிக்கு மட்டும் நிபந்தனையோடு இடம் உண்டு.

பக்கத்தில் நிற்பவரால் என்ன செய்ய முடியும்?

சரி, சட்டத்தைக் கொஞ்சம் ஒதுக்கி வைப்போம். "பக்கத்தில் நிற்கிறேன்" என்பவர் உண்மையிலேயே ஆபத்தைத் தடுக்க முடியுமா?

நம் பக்கத்தில் வேட்டைக்கு எடுத்துப் போவது பெரும்பாலும் மலாய்க்காரர்கள் 'செனாப்பாங் பாத்தா' என்று சொல்லும் துப்பாக்கி. பாத்தா என்றால் முறிந்தது. நடுவில் மடித்துத் தோட்டா போடுவதால் அந்தப் பெயர். தோட்டாவுக்குள் இருப்பது ஒற்றைக் குண்டு என்று நினைத்துவிடக் கூடாது. பறவை சுடும் தோட்டாவில் நூற்றுக்கணக்கான சிறு ரவைகள் இருக்கும்; பெரிய மிருகத்துக்கான தோட்டாவில் எட்டு ஒன்பது பெரிய ஈயக் குண்டுகள் இருக்கும். கிட்டத்தில் சுட்டால் அத்தனையும் ஒரே கட்டியாகப் போய்ப் பாயும். தூரம் போகப் போக விரிந்து பரவும். அதனால்தான் குறி தப்பினாலும் பக்கத்தில் நிற்பவர்மேல் படுகிறது.

சுடும்போது துப்பாக்கி பின்னால் உதைக்கும். பெரியவர் தோளே அந்த உதைக்குக் கன்றிப்போகிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளையின் தோள் தாங்குமா? உதைத்த வேகத்தில் குழல் எந்தப் பக்கம் திரும்பும் என்று யாரால் சொல்ல முடியும்? இரட்டைக் குழலாக இருந்தால் இரண்டாவது தோட்டா இன்னும் உள்ளேயே இருக்கிறது. நம் காட்டு நிலவரமோ தெரிந்ததுதான்: வெட்டிப் போட்ட மட்டை அடுக்கு, வழுக்கும் பாரிட், மழை பெய்த சேறு. பையன் கால் தடுக்கி விழுந்தால், விரல் தானாக இறுகும். பக்கத்தில் நிற்கும் பெரியவர் "டேய்" என்று வாய் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிடும்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் அமெரிக்காவில் அரிசோனா மாநிலத்தில் நடந்ததைச் சொல்கிறோம். அங்கே காசு கட்டித் துப்பாக்கி சுட்டுப் பார்க்கும் களம் ஒன்றில், 9 வயதுச் சிறுமி ஒருத்திக்குத் தொடர்ந்து சுடும் இயந்திரத் துப்பாக்கியைக் கொடுத்தார்கள். கற்றுக்கொடுத்தவர் அனுபவசாலி. அவர் எங்கோ தூரத்தில் நிற்கவில்லை. குழந்தையின் தோளோடு தோளாக நின்றார். பெற்றோரும் அங்கேயே இருந்தார்கள். துப்பாக்கி உதைத்தது, குழந்தையின் கை தாங்கவில்லை, குழல் திரும்பியது, கற்றுக்கொடுத்தவரே குண்டு பட்டு இறந்தார். பகல் வெளிச்சத்தில், திறந்த வெளியில், பயிற்சியாளர் தொட்டுக்கொண்டு நின்ற இடத்திலேயே இந்த கதி. நமது செம்பனைக் காட்டு இருட்டில் என்ன உத்தரவாதம்? பன்றி என்று நினைத்துக் கூட வந்த ஆளையே சுட்டுவிட்ட செய்தியை நாம் பத்திரிகையில் படித்ததில்லையா? அப்படிச் சுட்டவர்கள் சின்னப் பிள்ளைகளல்லவே, பழகிய வேட்டைக்காரர்கள்!

நமக்கு இது பழைய புண்

துப்பாக்கிச் சட்டம் இந்த நாட்டில் ஏன் இவ்வளவு கடுமையாக இருக்கிறது என்று நம் இளைஞர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 1948ல் அவசரகாலம் பிரகடனம் செய்யப்பட்டதிலிருந்து 1960 ஜூலையில் அது முடியும்வரை, தோட்டங்கள்தான் போர்க்களமாக இருந்தன. யோங் பெங், லாபிஸ் வட்டாரத்துப் பெரியவர்களுக்கு இதை நாம் சொல்லத் தேவையில்லை. முள்வேலி, ஊரடங்கு, அரிசி கட்டுப்பாடு, பெரட்டுக்களத்தில் துப்பாக்கி ஏந்திய காவல் என்று வாழ்ந்த வாழ்க்கை அது. அந்த நாளில் அனுமதி இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு.

அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த எஸ். ஏ. கணபதி, 1949 மார்ச் மாதம் ரவாங் வாட்டர்பால் தோட்டத்துப் பக்கம் பிடிபட்டார். கைத்துப்பாக்கியும் சில தோட்டாக்களும் வைத்திருந்தார் என்பது வழக்கு. அதே ஆண்டு மே 4ஆம் தேதி புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். பிடித்ததிலிருந்து தூக்கு வரை சுமார் இரண்டே மாதம்! இந்திய அரசாங்கம் பேசிப் பார்த்தும் பலிக்கவில்லை. துப்பாக்கி வழக்கில் தூக்குத் தண்டனை பெற்ற இன்னொரு தமிழரான சாம்பசிவம், 1950ல் லண்டன் பிரிவி கவுன்சில் தீர்ப்பால் உயிர் தப்பினார். அரசியலை நாம் இங்கே பேச வரவில்லை. துப்பாக்கி என்ற ஒரு பொருள் நம் தோட்டத்துக் குடும்பங்களுக்கு எவ்வளவு விலை வைத்தது என்பதைத்தான் நினைவூட்டுகிறோம்.

பெரியவர்களை விடுங்கள். பிள்ளைக்குக்கூட அந்தச் சட்டம் இரங்கவில்லை. பினாங்கில் 14 வயதுப் பள்ளி மாணவன் ஒருவன் கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்ததாக வழக்கு வந்தது. உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் அதற்கு ஒரே தண்டனை, மரணம். 1975ல் கொண்டுவந்த பாதுகாப்பு வழக்கு விதிகளோ, குற்றவாளியின் வயது எதுவாக இருந்தாலும் சிறார் நீதிமன்றச் சட்டம் அவனுக்குச் செல்லாது என்றன. 1977ல் அந்தப் பிள்ளைக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. மேல்முறையீடும் பலிக்கவில்லை. உள்நாட்டிலும் வெளிநாட்டிலும் பெரிய கூக்குரல் எழுந்தது. கடைசியில் மன்னிப்பு வாரியத்தின் வழியாகத் தண்டனை குறைந்து, 21 வயது வரை சீர்திருத்தப் பள்ளியில் இருக்கும்படி ஆயிற்று. மீசை முளைக்காத பிள்ளைக்குத் தூக்குக் கயிறு! "சின்னப் பையன், ஒன்னும் பண்ண மாட்டாங்க" என்று நினைப்பவர்கள் இந்தச் சம்பவத்தை மறக்கலாகாது.

இன்றைய நிலை என்ன?

காலம் மாறியிருக்கிறது, அதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டம் 2012ல் ரத்தானது. மலேசியா 1995ல் ஐக்கிய நாடுகளின் சிறார் உரிமை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. 2001ல் சிறார் சட்டம் வந்தது. 18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு மரண தண்டனை விதிக்கக் கூடாது என்று அந்தச் சட்டம் கூறுகிறது. பெரியவர்களுக்கும் 2023ல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்டது.

ஆனால் தண்டனை குறைந்தது என்றால் குற்றமே இல்லை என்று அர்த்தமல்ல. 10 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளை செய்வது குற்றமாகாது. 10 முதல் 12 வயதுக்குள் என்றால், செய்வது என்னவென்று புரியும் பக்குவம் பிள்ளைக்கு இருந்ததா என்று பார்க்கப்படும். அதைத் தாண்டிவிட்டால் பிள்ளை தன் செயலுக்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆறாம் வகுப்பு முடித்து இடைநிலைப் பள்ளிக்குப் போகும் பையன், சட்டத்தின் கண்ணில் விவரம் தெரியாத பாலகன் அல்ல.

அப்படி ஒரு பிள்ளையைப் போலீசார் பிடித்துக்கொண்டு போனால், பெற்றோருக்குச் சில உரிமைகள் இருக்கின்றன. பலருக்கு இது தெரிவதில்லை. ஆகையால் நறுக்கு எடுத்து வைத்துக்கொண்டாலும் நல்லது. பிள்ளையைப் பிடித்தவுடன் பெற்றோருக்கோ பாதுகாவலருக்கோ தெரிவிக்க வேண்டும், நன்னடத்தை அதிகாரிக்கும் தெரிவிக்க வேண்டும். பெரிய கைதிகளோடு பிள்ளையைச் சேர்த்து அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் நீதிமன்றத்துக்குக் கொண்டுவர வேண்டும். மரண தண்டனைக்குரிய குற்றங்கள் தவிர மற்றவற்றைச் சிறார் நீதிமன்றம் விசாரிக்கும். அங்கே வெளியார் வந்து உட்கார்ந்து வேடிக்கை பார்க்க முடியாது. பத்திரிகையில் பிள்ளையின் பெயரோ படமோ போடக் கூடாது. வக்கீல் வைக்கப் பணம் இல்லையென்றால் தேசியச் சட்ட உதவி அறநிறுவனம் இருக்கிறது. மலேசியக் குடிமக்களுக்கு, பிடிபட்ட நேரத்திலிருந்தே இலவசமாக உதவி செய்கிறது. பிள்ளைக்கு அடையாளக் கார்டு, பிறப்புப் பத்திரம் ஒழுங்காக இருந்தால்தான் வயதை நிரூபிப்பது எளிது என்பதையும் மறக்கக் கூடாது. அந்தப் பத்திரம் இல்லாமல் தவிக்கும் குடும்பங்கள் நம்மிடையே இன்னும் இருக்கின்றனவே!

சிறார் நீதிமன்றம் பிள்ளையை எச்சரித்து அனுப்பலாம், பிணையில் விடலாம், நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கலாம், சீர்திருத்தப் பள்ளிக்கும் அனுப்பலாம். அபராதம் போட்டால் அதைக் கட்டும்படி பெற்றோருக்கே உத்தரவு வரலாம்.

துப்பாக்கியைக் கொடுத்தவர் தப்ப முடியுமா?

இதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். "நாந்தான் பக்கத்திலேயே நின்னேன்" என்ற வார்த்தை, நீதிமன்றத்தில் அவரைக் காப்பாற்றும் வார்த்தையல்ல. மாட்டிவிடும் வார்த்தை! தெரியாமல் பிள்ளை எடுத்துவிட்டான் என்றால்கூட ஏதோ ஒரு சமாதானம் சொல்லலாம். கூடவே நின்று, கண்ணால் பார்த்து, கையால் கொடுத்தேன் என்று தானே ஒப்புக்கொண்டபின் சமாதானம் ஏது?

கவனக்குறைவால் ஓர் உயிர் போனால், குற்றவியல் சட்டத்தின் 304ஏ பிரிவில் 2 ஆண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் உண்டு. பிள்ளையைப் பராமரிக்கும் பொறுப்பில் இருப்பவர், உடற்காயம் ஏற்படக்கூடிய ஆபத்தில் அந்தப் பிள்ளையை விட்டால், சிறார் சட்டத்தின் கீழ் 50,000 வெள்ளி வரை அபராதமும் 20 ஆண்டு வரை சிறையும் விதிக்க இடமுண்டு. 2016ல் திருத்தம் செய்து தண்டனையை இப்படிக் கூட்டியிருக்கிறார்கள். லைசென்ஸ் போவது தனிக் கதை.

துப்பாக்கி மலிந்த அமெரிக்காவிலேயே இப்போது பெற்றோரைப் பிடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். 2021 நவம்பரில் மிச்சிகன் மாநிலத்தில் 15 வயது மாணவன் ஒருவன் தன் பள்ளியில் நான்கு மாணவர்களைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கியை வாங்கித் தந்தது தகப்பன். 2024ல் தாய், தகப்பன் இருவருமே குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, தலா 10 முதல் 15 ஆண்டு வரை சிறைத் தண்டனை கிடைத்தது. துப்பாக்கி வாங்கிக் கொடுத்த கையும் குற்றவாளிக் கைதான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள்.

நீதிமன்றத் தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். குறி தப்பிய வெடியில் தன் தகப்பனையே சாய்த்துவிட்ட பிள்ளை, அல்லது தன் தோழனைச் சாய்த்துவிட்ட பிள்ளை, மிச்ச வாழ்நாளை எப்படிக் கழிப்பான்? எந்தச் சீர்திருத்தப் பள்ளி அதைச் சரிசெய்யும்?

பொம்மை என்று எண்ணி ஏமாற வேண்டாம்

வேட்டைத் துப்பாக்கியோடு கதை முடியவில்லை. குருவி அடிக்க லாஸ்திக் வைத்திருந்த காலம் போய், இப்போது கைத்தொலைபேசியிலேயே எல்லாவற்றையும் தருவிக்கிறார்கள். காற்றுத் துப்பாக்கியும் ஆயுதச் சட்டத்தில் ஆயுதம்தான்; "காத்துலதானே சுடுது" என்று அலட்சியம் வேண்டாம். ஜெல் உருண்டை சுடும் துப்பாக்கி என்று கலர் கலராக விற்கிறார்களே, அதைப் போலீசார் போலி ஆயுதம் என்று வகைப்படுத்தியிருக்கிறார்கள். போலி ஆயுதம் வைத்திருந்தால் ஓராண்டு வரை சிறை அல்லது 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். பிறந்த நாளுக்கு ஆசையாக வாங்கித் தரும் பொருள், பாலாய் போலீஸ் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடக் கூடாது.

அதேபோல, காட்டில் கிடக்கும் தோட்டாவைப் பையன்கள் பொறுக்கிக்கொண்டு வருவார்கள். வெறும் கூடா, வெடிக்காத தோட்டாவா என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? ஒரே ஒரு தோட்டா சட்டைப் பையில் இருந்தாலும் சட்டம் கேள்வி கேட்கும். அடுப்பில் விழுந்தால் அதைவிட ஆபத்து. கிடந்ததைக் கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டு, போலீசுக்குச் சொல்லுங்கள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

யார் யார் என்ன செய்ய வேண்டும்?

லைசென்ஸ் வைத்திருக்கும் அண்ணன்மார்களுக்கு முதலில் சொல்கிறோம். துப்பாக்கியைப் பூட்டி வையுங்கள். தோட்டாவை வேறு இடத்தில் பூட்டி வையுங்கள். இரண்டு சாவியும் உங்கள் இடுப்பில் இருக்கட்டும். பாரிட் தாண்டுமுன் துப்பாக்கியை மடித்துத் தோட்டாவை எடுத்துவிடுங்கள். அடுத்தவன் கையில் கொடுத்துவிட்டுத் தாண்டாதீர்கள். லயத்துப் பக்கம் வருவதற்கு முன்பே குழல் காலியாகிவிட வேண்டும். பையன் கெஞ்சினாலும் இல்லை என்று சொல்லுங்கள். அதுதான் அவன்மேல் வைத்த பாசம்.

தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு வார்த்தை. பன்றியை ஒழிக்க ஆள் வரவழைப்பது உங்கள் இஷ்டம். ஆனால் எந்த இரவு, எந்த நம்பர் காட்டில் வேட்டை என்று முன்கூட்டியே பெரட்டில் சொல்லுங்கள், எழுதியும் ஒட்டுங்கள். தமிழிலும் மலாயிலும் எழுதுங்கள்; நம்மோடு வேலை செய்யும் வங்காளதேசத்தாருக்கும் இந்தோனேசியருக்கும் புரியும்படியும் எழுதுங்கள். அவர்களும் உயிர்தானே! புதர் தட்டவும் டார்ச் பிடிக்கவும் தோட்டத்துப் பையன்களைக் கூப்பிடும் வழக்கத்தை இன்றே நிறுத்துங்கள். சிறுவர், இளைஞர் வேலைச் சட்டம் 1966லிருந்தே இருக்கிறது. அபாயமான வேலையில் பிள்ளைகளைச் சேர்க்க அது இடம் தரவில்லை. கூலி கொடுக்காமல் கறி கொடுத்தேன் என்று சொல்லித் தப்ப வேண்டாம். மண்டோர் கூப்பிட்டால் இல்லை என்று சொல்ல ஒரு குடும்பத்துக்குத் தைரியம் வராது என்பது எல்லாருக்கும் தெரியும். ஆகவே சங்கத்தின் தோட்டக் கமிட்டி இதை எடுத்துக்கொண்டு நிர்வாகத்திடம் பேச வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும், பெற்றோர் ஆசிரியர் சங்கமும் ஆண்டுக்கு ஒரு முறையாவது போலீஸ் அதிகாரி ஒருவரை அழைத்து, பெற்றோருக்கும் பெரிய பிள்ளைகளுக்கும் இந்தச் சட்டத்தை எளிய பேச்சில் விளக்கச் சொல்லலாம். அரசாங்கத்திடம் நாம் கேட்பதும் பெரிதாக ஒன்றுமில்லை. லைசென்ஸ் கொடுக்கும்போதே, "பிள்ளைகள் கையில் தராதே, தந்தால் இன்ன தண்டனை" என்று அவரவர் மொழியில் ஒரு தாள் அச்சடித்துக் கொடுக்கட்டும். ஒரு தாளுக்கு எத்தனை காசு ஆகிவிடும்?

கடைசியாக, தாய்மார்களே! ராத்திரி வேட்டைக்குப் போகும் ஆள், "தம்பியையும் கூட்டிட்டுப் போறேன்" என்று வாசலில் வந்து நிற்பார். "ரெண்டு கிலோ கறி கிடைக்கும்" என்பார். வீட்டுக்காரர்கூடத் தலையாட்டிவிடுவார். அப்போது உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்தும் அதிகாரம் உங்களிடம்தான் இருக்கிறது. "அவன் நாளைக்குப் பள்ளிக்கூடம் போகணும், வர மாட்டான்" என்று ஒரே வார்த்தை சொல்லுங்கள். கறி இல்லாமல் ஒரு வாரம் போகும். பிள்ளை இல்லாமல் ஒருநாள் போகுமா?